கல்லீரல் வைரஸ்: வகை தெரிந்தால் வழி தெரியும்

கூத்தாநல்லூரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் என்னிடம் வரும் ஹெபடைடிஸ் பி நோயாளிகளில் பலர், தமக்கு அந்த வைரஸ் இருப்பதை முதலில் அறிந்துகொண்டது எந்த மருத்துவரிடமும் அல்ல. வெளிநாட்டு வேலைக்கான உடல்தகுதிப் பரிசோதனையில். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோருக்கு ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள் கட்டாயம். முடிவு 'பாசிட்டிவ்' என்று வந்தால், 'தகுதியற்றவர்' என்ற ஒற்றைச் சொல்லோடு அந்தப் பயணம் நின்றுபோகும். காய்ச்சல் இல்லை, காமாலை இல்லை, உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால், வாங்கிய கடனும் பேசி முடித்த வேலையும் நடுவில் நிற்கின்றன.

அவர்கள் கேட்பவை இரண்டே கேள்விகள். இது எனக்கு எங்கிருந்து வந்தது? இனி எனக்கு என்ன ஆகும்? இரண்டுக்கும் விடையின் ஒரு பகுதி, அந்த வைரஸின் மரபணுவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை வாசிக்கும் தொழில்நுட்பம் நம் மாநிலத்தில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால், அந்த வாசிப்பு பெரிய மருத்துவமனைகளின் ஆய்வுக்கூடங்களுக்குள்ளேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மாவட்டங்களின் பொதுச் சுகாதாரத்துக்கு அது எவ்வாறு பயன்படும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே பெயர், பல வகை

கல்லீரலைத் தாக்கும் முக்கிய வைரஸ்கள் ஐந்து: ஏ, பி, சி, டி, ஈ. ஏ, ஈ ஆகிய இரண்டும் அசுத்தமான குடிநீர், உணவு வழியே வருபவை. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். பி, சி இரண்டும் ரத்தம் வழியே பரவுபவை. பி பாலுறவு வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் எளிதில் பரவும். இவை உடலில் பல ஆண்டுகள் தங்கிக் கல்லீரல் சுருக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் வழிவகுக்கலாம். டி, பி இருக்கும் உடலில் மட்டுமே பிழைக்கக்கூடிய ஒட்டுண்ணி வைரஸ்.

நெல் என்று பொதுவாகச் சொன்னாலும் சீரகச் சம்பாவும் மாப்பிள்ளைச் சம்பாவும் பொன்னியும் வேறு வேறு என்பதை டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஹெபடைடிஸ் பி என்ற பெயருக்குள்ளும் அப்படித்தான் பல வகைகள். அந்த வைரஸின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 3,200 எழுத்துகள் கொண்டது. இரண்டு மாதிரிகளுக்கு இடையே எட்டு விழுக்காட்டுக்கு மேல் எழுத்து வேறுபாடு இருந்தால் அவை வெவ்வேறு மரபணு வகைகளாகக் கொள்ளப்படும். ஏ முதல் எச் வரை எட்டு வகைகள் நிலைபெற்றவை; ஐ, ஜே என மேலும் இரண்டு முன்மொழியப்பட்டுள்ளன. வைரஸ்களின் பெயரும் வகைகளின் பெயரும் ஒரே எழுத்துகளில் அமைந்திருப்பது குழப்பம் தரலாம். இக்கட்டுரையில் 'வகை' என்று சொல்லும்போதெல்லாம் மரபணு வகையையே குறிக்கிறேன்.

ஹெபடைடிஸ் சி இன்னும் பன்மை கொண்டது. அதன் மரபணுத் தொகுதி சுமார் 9,600 எழுத்துகள். அதில் எட்டு வகைகள் எண்களால் குறிக்கப்படுகின்றன. வகைக்கு வகை ஏறத்தாழ 30 விழுக்காடு எழுத்துகள் மாறுபடுகின்றன. பி, சி இரண்டுமே தம்மைப் படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இல்லாதவை. ஒரு நோயாளியின் உடலில் நாள்தோறும் கோடிக்கணக்கில் உருவாகும் படிகளில் பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. ஆனால், பி வைரஸின் மேலுறையில் தடுப்பூசி குறிவைக்கும் பகுதி எல்லா வகைகளிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், ஒரே தடுப்பூசி எல்லா வகைகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. சி வைரஸின் மேலுறையோ ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது. 1989-ல் கண்டறியப்பட்ட அந்த வைரஸுக்கு இன்றுவரை தடுப்பூசி இல்லாததற்கு இது முக்கியக் காரணம்.

வரைபடத்தில் வைரஸ்

பிழைகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்வதால், வைரஸின் மரபணு ஒரு பயணக் குறிப்பேடாகவும் ஆகிறது. ஹெபடைடிஸ் பி-யின் டி வகை மத்தியதரைக் கடல் நாடுகள், மேற்கு ஆசியா, மத்திய ஆசியா, இந்தியா எனப் பரந்துள்ளது. ஏ வகை ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிகுதி, இந்தியாவிலும் உண்டு. பி, சி வகைகள் கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவுக்குரியவை. இந்தியாவின் கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளிலும் சி வகை தென்படுகிறது. 2018-ல் வெளியான ஆய்வுகள், ஐரோப்பா, ஆசியாவின் பழங்கால எலும்புக்கூடுகளிலிருந்து இந்த வைரஸின் மரபணுவை மீட்டு, அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்களோடு பயணம் செய்துவருவதை உறுதிப்படுத்தின.

ஹெபடைடிஸ் சி-யின் வரைபடமும் இத்தகையதே. இந்தியாவில் 3-ஆம் வகை முதலிடம், 1-ஆம் வகை அடுத்த இடம். தென்கிழக்கு ஆசியாவில் 6-ஆம் வகையும், எகிப்திலும் மேற்கு ஆசிய நாடுகளிலும் 4-ஆம் வகையும் குறிப்பிடத்தக்கவை. எகிப்தின் கதை தனித்துச் சொல்லத்தக்கது. நத்தைகள் வழியே பரவும் ஒரு புழுநோயை ஒழிக்க, அங்கே பல பத்தாண்டுகளாக, 1980-களின் தொடக்கம் வரை, கிராமம் கிராமமாக ஊசி மருந்து செலுத்தப்பட்டது. முறையாகத் தூய்மைப்படுத்தாத கண்ணாடி ஊசிகளின் வழியே ஹெபடைடிஸ் சி ஒரு தலைமுறை முழுவதும் பரவியது. நோயைத் தீர்க்கப் போன அரசுத் திட்டமே இன்னொரு நோயை விதைத்ததை, பிற்கால ஆய்வுகள் மரபணு வரலாற்றைக் கொண்டும் உறுதிசெய்தன. அதே எகிப்துதான் 2018-ல் தொடங்கி ஓராண்டுக்குள் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரைப் பரிசோதித்து, கண்டறியப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் தந்து, உலகுக்கு முன்மாதிரியானது.

வேலூரின் கணக்கும் டெல்டாவின் கணக்கும்

தமிழ்நாடு இத்துறையில் பின்தங்கிய மாநிலமன்று. தென்னிந்தியாவில் ஹெபடைடிஸ் சி வைரஸின் மரபணு வகைகளைப் பற்றிச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லண்டன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1995-லேயே சர்வதேச ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ரத்த தானம் செய்தவர்களையும் நாள்பட்ட நோயாளிகளையும் ஆராய்ந்து, ஹெபடைடிஸ் பி-யில் டி வகை முதலிடத்திலும் ஏ வகை அடுத்த நிலையிலும் இருப்பதை 2004-ல் பதிவுசெய்தனர். அதே நிறுவனம் ஹெபடைடிஸ் சி குறித்துத் தன் பத்தாண்டுக் கால அனுபவத்தை 2013-ல் தொகுத்து வெளியிட்டது. அதில் 3-ஆம் வகை பெரும்பான்மை. 1-ஆம் வகை அடுத்தது. 4, 6 வகைகள் சிறு எண்ணிக்கையில் இருந்தன.

இங்கே ஒரு நுட்பமான செய்தியைக் கவனிக்க வேண்டும். வேலூருக்கு வருகிற நோயாளிகள் வேலூர் மாவட்டத்தினர் மட்டுமல்லர். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் ரயிலேறி வருவோர் ஏராளம். ஆகவே, ஒரு பெரிய மருத்துவமனையின் புள்ளிவிவரம் அந்த மருத்துவமனையை நாடி வருவோரின் படமே தவிர, அது அமைந்திருக்கும் பகுதியின் படமன்று. தவிரவும், பெரிய மருத்துவமனைக்கு வருவோர் பெரும்பாலும் நோய் முற்றியவர்கள். பயணச் செலவைத் தாங்கக்கூடியவர்கள். அறிகுறியே இல்லாமல் வயலிலும் கடையிலும் வேலை செய்துகொண்டிருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் வாழ்க்கைமுறைக்குத் தனித்தன்மை உண்டு. கூத்தாநல்லூர் போன்ற ஊர்கள் தலைமுறைகளாக மலேசியாவோடும் சிங்கப்பூரோடும், பின்னர் வளைகுடாவோடும் வணிகத்தாலும் வேலையாலும் பிணைக்கப்பட்டவை. அறுவடைக் காலத்திலும் கட்டுமானப் பணிகளிலும் வடமாநிலத் தொழிலாளர்கள் இங்கு வந்து தங்குகின்றனர். இத்தனை வழிகள் சந்திக்கும் ஒரு பகுதிக்கு, எங்கோ எடுத்த சராசரியைப் பொருத்திப் பார்ப்பது போதாது.

ஓர் எழுத்து மாறினால்

வகையைத் தெரிந்துகொள்வதால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். ஹெபடைடிஸ் பி-யில் அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு.

வைரஸ் உடலில் வீரியமாகப் பெருகுகிறதா என்பதை அறிய, 'ஈ-ஆன்டிஜென்' என்ற புரதம் ரத்தத்தில் இருக்கிறதா எனப் பார்ப்பது நீண்டநாள் வழக்கம். அது இல்லையென்றால், 'கவலை வேண்டாம், வைரஸ் அடங்கியிருக்கிறது' என்று சொல்லி அனுப்பிவிடும் பழக்கமும் உண்டு. ஆனால், வைரஸின் 3,200 எழுத்துகளில் 1896-ஆம் எழுத்து ஒன்று மட்டும் மாறினால், அந்தப் புரதத்தை உருவாக்கும் கட்டளை பாதியிலேயே நின்றுவிடுகிறது. வைரஸ் பெருகுவதோ நிற்பதில்லை. பரிசோதனைத் தாளில் 'நெகட்டிவ்' என்றிருக்கும். கல்லீரலில் சேதம் தொடர்ந்துகொண்டிருக்கும். இந்த மாற்றம் டி வகையில் அடிக்கடி நேர்கிறது. ஏ வகையின் மரபணு அமைப்போ பெரும்பாலும் இதற்கு இடம்தருவதில்லை.

டி வகை முதலிடத்தில் இருக்கும் ஒரு மாநிலத்தில் இதன் பொருள் வெளிப்படை. ஈ-ஆன்டிஜென் இல்லை என்ற ஒரு வரியை நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வைரஸின் டிஎன்ஏ அளவையும் கல்லீரல் நொதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறித்த இடைவெளியில் திரும்பவும் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில், 'நெகட்டிவ்' என்ற சொல்லைக் கேட்டுப் பல ஆண்டுகள் மருத்துவர் பக்கமே வராமல், வயிற்றில் நீர் கோத்த பிறகு வருவோரின் துயரம் மிகக் கொடியது.

மூலத்தைக் காட்டும் தடம்

இரண்டாவது பயன், நோய்ப் பரவலின் மூலத்தைக் கண்டுபிடிப்பது. 2009-ல் குஜராத்தின் சபர்காண்டா மாவட்டத்தில் மோடாசா பகுதியில் ஹெபடைடிஸ் பி திடீரெனப் பரவி, 80-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். புணே தேசிய வைராலஜி நிறுவனத்தின் ஆய்வு, முறையாகத் தூய்மைப்படுத்தாத ஊசிக் குழல்களையும், மேலே சொன்ன 1896-ஆம் எழுத்து இருக்கும் பகுதியிலும் அதனருகிலும் நேர்ந்த மரபணு மாற்றங்களையும் அந்தப் பெரும் உயிரிழப்போடு தொடர்புபடுத்தியது. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்ற எண்ணம் குஜராத்துக்கு மட்டும் உரியதன்று. ஓர் ஊரில், ஒரு டயாலிசிஸ் பிரிவில் அடுத்தடுத்துப் பாதிக்கப்பட்டோரின் வைரஸ்கள் மரபணுவில் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், அங்கே பொது மூலம் ஒன்று இருக்கிறது என்று பொருள். வேறுபட்டு இருந்தால், தேட வேண்டிய இடம் வேறு.

ஹெபடைடிஸ் ஈ-யில் இந்தப் பயன் இன்னும் எளிதாக விளங்கும். அதன் 1, 2 வகைகள் மனிதர்களிடம் மட்டுமே காணப்படுபவை. மனிதக் கழிவு கலந்த நீரால் பரவுபவை. 3, 4 வகைகள் பன்றி முதலிய விலங்குகளிடமிருந்து, சரியாக வேகாத இறைச்சி வழியே வருபவை. ஐரோப்பாவில் பெரும்பாலும் 3-ஆம் வகை. இந்திய மனிதர்களிடம் காணப்படுவது 1-ஆம் வகை. அதாவது, ஐரோப்பியர் அடுப்பைக் கவனிக்க வேண்டும். நாம் குடிநீர்க் குழாயைக் கவனிக்க வேண்டும். 1955-56-ல் டெல்லியில் குடிநீரில் கழிவுநீர் கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. ஹெபடைடிஸ் ஏ என்று அன்று கருதப்பட்ட அது ஈ-யே என்பது பிற்காலத்தில்தான் தெளிந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இந்த நோய் கண்ட பெண்களில் ஐவரில் ஒருவர் வரை இறக்க நேரிடலாம் என்பதால், மழைக்காலத்தில் குழாய் உடைப்பைச் சரிசெய்வதும் பேறுகால மரணத்தைத் தடுக்கும் பணியே.

மருந்து இப்போது வகையைக் கேட்பதில்லை

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் சி-க்கு இன்டர்ஃபெரான் ஊசி மட்டுமே இருந்த காலத்தில் வகை தெரியாமல் சிகிச்சையைத் தொடங்க முடியாது. 3-ஆம் வகைக்கு 24 வாரம்; 1-ஆம் வகைக்கு 48 வாரம். 2013-ல் சோஃபோஸ்புவிர் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, 12 வாரச் சிகிச்சையின் விலை 84,000 டாலர். 2014-ல் இந்திய நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் கிடைத்த பிறகு விலை பெருமளவு சரிந்தது. 2016-ல் அதனோடு வெல்படாஸ்விர் சேர்ந்து, எல்லா வகைகளுக்கும் ஒரே மருந்து என்ற நிலை வந்தது. இன்று 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் மூன்று மாத மாத்திரையில் முற்றிலும் குணமடைகின்றனர். ஹெபடைடிஸ் பி-க்குத் தரப்படும் டெனோஃபோவிரும் எல்லா வகைகளையும் கட்டுப்படுத்தும். 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் இம்மருந்துகளும் இலவசம்.

ஆகவே, 'வகை தெரியட்டும், பிறகு சிகிச்சையைத் தொடங்கலாம்' என்று ஒருவரைக் காக்க வைப்பது இன்று பெரும்பாலும் தேவையற்றது. தனி நோயாளிக்கு மருந்து முதலில். சமூகத்துக்கு வரைபடம் அதனோடு சேர்ந்து. இந்த வரிசை மாறக் கூடாது.

கீழாநெல்லியைப் பற்றியும் ஒரு சொல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்குடன் இணைந்து நடத்திய ஆய்வு, 1988-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. கீழாநெல்லி தரப்பட்டவர்களில் 59 விழுக்காட்டினரின் ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்ததாக அது கூறியது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால், பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஏ, ஈ வைரஸ்களால் வரும் காமாலை தானாகவே தணிவதால், அந்தப் பெருமை எந்த மருந்துக்கும் எளிதில் போய்ச் சேரும். பி, சி அப்படித் தணிவதற்குக் காத்திருக்கத் தகுந்தவை அல்ல.

தடம் வேறு, குற்றம் வேறு

மரபணு ஆய்வில் ஓர் ஆபத்தும் உண்டு. 'இது வெளிநாட்டு வகை' என்று ஓர் ஆய்வறிக்கை சொன்னால், அது ஒரு மனிதரின் ஒழுக்கத்தின் மீதும் ஓர் ஊரின் மீதும் முத்திரையாகிவிடக்கூடும். மரபணு சொல்வது வைரஸ் வந்த நெடுவழியை. ஒரு மனிதர் செய்த செயலை அன்று. ஹெபடைடிஸ் பி தொற்றிய பச்சிளங்குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு அது நாள்பட்ட தொற்றாக நிலைத்துவிடுகிறது; நலமுள்ள பெரியவர்களிலோ ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கே நிலைக்கிறது. எனவே, வேலைக்கான பரிசோதனையில் திடுக்கிட்டு நிற்கும் இளைஞருக்கு அது அவர் பிறந்த அன்றோ, குழந்தைப் பருவத்திலோ வந்திருக்கும் வாய்ப்பே அதிகம். அவருடைய தாய்க்கும் அது தெரியாமலே வந்திருக்கும். ஒரே தட்டில் உண்பதாலோ கைகுலுக்குவதாலோ அது பரவுவதில்லை. எச்ஐவி உள்ளவர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்க 2017-ல் தனிச் சட்டம் வந்தது. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு அத்தகைய தனிச் சட்டப் பாதுகாப்பு இல்லை.

செய்ய வேண்டியவை

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி 2022-ல் இந்தியாவில் 2.98 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் பி-யும், 55 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் சி-யும் இருந்தன. உலக அளவில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் 13 விழுக்காட்டினரே கண்டறியப்பட்டுள்ளனர். டெல்டா மாவட்டங்களில் இந்த நிலையை மாற்ற நான்கு செயல்கள் உடனடித் தேவை.

முதலாவது, வேலைக்கான பரிசோதனைக்கு முன்பே அரசு மருத்துவமனையில் ரகசியம் காக்கும் இலவசப் பரிசோதனையும் ஆலோசனையும் கிடைக்க வேண்டும். 'தகுதியற்றவர்' என்று எழுதும் தாளோடு, அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்ற சீட்டும் சேர்ந்து வர வேண்டும். 2001-க்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களையும் அழைத்துப் பரிசோதிக்க வேண்டும். ரத்த வங்கிகளில் ஹெபடைடிஸ் சி பரிசோதனை அந்த ஆண்டில்தான் கட்டாயமானது.

இரண்டாவது, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஹெபடைடிஸ் பி பரிசோதனையும், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசியும் விடுபடாமல் நடக்க வேண்டும். தமிழ்நாடு முழுவதற்குமான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி 2007-08-ல்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்து, இன்று வேலை தேடும் வயதில் இருக்கும் தலைமுறையில் தடுப்பூசி பெறாதவர்கள் அதிகம். அவர்களையும் தேடிச் சென்று போட வேண்டும்.

மூன்றாவது, தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரிகளில் கண்டறியப்படும் புதிய தொற்றுகளில் ஒரு பகுதியையாவது, பெயர், முகவரி நீக்கி, மரபணு வாசிப்புக்கு உட்படுத்த வேண்டும். திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் நிறுவனம் இருக்கிறது. மருத்துவமனைக்கு வருவோரோடு நிற்காமல், ரத்த தானம் செய்வோர், கர்ப்பிணிகள் ஆகியோரின் மாதிரிகளும் சேர்ந்தால்தான் அது பகுதியின் உண்மைப் படமாகும்.

நான்காவது, அந்தப் பதிவேடு ஆய்விதழோடு முடிந்துவிடாமல் மாவட்டச் சுகாதார அலுவலரின் மேசைக்கு வர வேண்டும். எந்தப் பகுதியில் ஊசிப் பயன்பாட்டைக் கண்காணிப்பது, எந்தத் தெருவில் குழாயை மாற்றுவது, எந்த நோயாளியின் 'நெகட்டிவ்' முடிவை மறுபடி பார்ப்பது என்பதை அது சொல்லும். தடுப்பூசியும் மாத்திரையும் இப்போதே இலவசமாகக் கிடைக்கின்றன. அவை யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைச் சொல்லும் கணக்கை எழுதத் தொடங்குவது, டெல்டா மாவட்டங்களின் சுகாதார நிர்வாகத்தின் பொறுப்பு.